நசுங்காத இரண்டு எலுமிச்சம்பழங்கள்

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கி மேஜைமீது போட்டார் ஜெகதீசன்.

"'மேற்படி தேதியில் மேற்படி வாகனத்தை மேற்படி இடத்தில் ஓட்டியவர் மேற்படி கம்பெனியின் டிரைவர் பச்சைமுத்து என்பவர்தான்.' ஒரே வாக்கியத்துல நாலு மேற்படி. பொய் சொல்றவனுக்குத்தான் இத்தனை மேற்படி தேவைப்படும்."

"மேல்படியில உக்காந்துக்கினு எழுதின லெட்டர் சார். கீழ்ப்படியில நிக்கிறவரைத்தான் கை காட்டும்" என்றாள் அவருடைய உதவியாளர் காயத்ரி.

ஜெகதீசன் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து, நொறுங்கிய லாரிகளையும் அதைவிட மோசமாக நொறுங்கிய வாக்குமூலங்களையும் பார்த்துச் சலித்தவர். விழுப்புரம் ஸ்டேஷன் எதிரில், காப்பித்தூள் கடைக்கு மாடியில், இப்போது துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். மனிதர்கள்மீது அவருக்கு மரியாதை கிடையாது. வண்டிகள்மீது கொஞ்சம் உண்டு.

எதிர் பெஞ்சில் பச்சைமுத்துவின் மனைவி சின்னக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். விஷயம் இவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குத் திண்டிவனத்தில், மரக்காணம் ரோடு பிரிகிற இடத்தில், ஒரு வெள்ளை அம்பாசடர் மீன்கூடைக்காரி ராஜாமணியை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்து அந்த அம்மாள் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் நம்பரை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார், ஆனால் ஓட்டியவன் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் அதே வண்டி ஒரு சந்தில், இடது ஹெட்லைட் உடைந்து, பூட்டிய நிலையில் அகப்பட்டது. அது விழுப்புரம் அன்னலட்சுமி ஆயில் மில்லின் கம்பெனிக் கார். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டு எழுதியதற்குக் கம்பெனி கொடுத்த பதில்தான் மேஜைமேல் கிடந்த அந்த எலி.

பச்சைமுத்துவும் "ஆமாங்க, நான்தான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜாமீனில் வீட்டில் இருந்தார். நாளை புதன்கிழமை காலை திண்டிவனம் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறார். அதோடு லைசென்ஸும் போகும், ஆளும் உள்ளே போவார்.

"அவரே ஒத்துக்கிட்டாரும்மா. நீ ஏன் ஒத்துக்க மாட்டேங்கறே?" என்று கேட்டார் ஜெகதீசன்.

"இருவத்தாறு வருசம் குடும்பம் பண்றேங்க. பொய் சொல்ற அன்னிக்கு மட்டும் சோத்துல ரசத்த ரெண்டு தபா ஊத்திக்குவாரு. வெள்ளிக்கிழமலேந்து தட்டுல ரசம் மெதக்குதுங்க."

போலீஸ் இலாகாவில் இப்படி ஒரு தடயத்தை யாரும் எழுதி வைக்கமாட்டார்கள். ஜெகதீசன் வழக்கை எடுத்துக்கொண்டார்.

*

காயத்ரி டி.வி.எஸ். ஓட்ட, ஜெகதீசன் பழைய இன்ஷூரன்ஸ் பையை மடியில் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, காணை ரோட்டில் இருந்த மில்லுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. மற்றவர்கள் ஓட்டியதைக் குறை சொல்லியே பென்ஷன் வாங்கிய மனிதர்.

"இன்ஷூரன்ஸ் விஷயமா" என்று அவர் பையைக் காட்டியதும் எல்லாக் கதவும் திறந்தது. உள்ளே ஏ.சி. அறையில் பிரேம்குமார் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. அப்பா போனபின் மில்லும் காரும் கூலிங்கிளாஸும் இவனுக்கு வந்து சேர்ந்தன. அப்பாவின் மூளை மட்டும் அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டது என்று ஜெகதீசன் முதல் நிமிஷத்திலேயே முடிவு கட்டினார்.

"டிரைவருங்க எல்லாமே இப்பிடித்தான் சார். அவரு குடிச்சிருந்தாராம். மூஞ்சில முழிக்க வேணாம்னு விட்டுட்டேன்" என்றான்.

"நீங்க பாத்தீங்களா?"

"மேனேஜர் சொன்னாரு."

"வெள்ளிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"பாண்டில. ப்ரெண்டு வீட்ல."

"ப்ரெண்டு பேரு?"

பிரேம்குமாரின் காது சிவந்தது. "அது எதுக்கு சார் இன்ஷூரன்ஸுக்கு?"

காயத்ரி நோட்டில் எதையோ பெரிதாக எழுதினாள். வெளியே வந்தபிறகு பார்த்தால் 'மாட்டினான்' என்று எழுதியிருந்தது.

அடுத்த அறையில் மேனேஜர் சக்கரபாணி. நெற்றியில் பளிச்சென்ற திருமண், சட்டைப் பையில் மூன்று பேனா. மேஜை ஓரத்தில் சாப்பாட்டுக் கேரியர் ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "நானா? காலைல ஒம்போதுலேந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் இந்த நாற்காலிலதான் சார். இந்த நாற்காலிய விட்டா எனக்கு ஏது லோகம்?" என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "சார், வயசுல பெரியவன் சொல்றேன். இது பெரிய எடத்து விஷயம். பச்சைமுத்து விசுவாசி, தலையில போட்டுக்கிட்டான். ரொம்பக் கிளறாதீங்க. கிளறினா யாரு பேரு வெளிய வரும்னு உங்களுக்கே தெரியும்."

சொல்லிவிட்டு முதலாளி அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை ஜெகதீசன் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் இவ்வளவு சுத்தமான திருமண்ணோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை.

*

கார் ஷெட் இரண்டு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. முன்னால் வாட்ச்மேன் உட்காரும் பெரிய கேட். பின்னால் கோடவுன் சந்துக்குப் போகிற, ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய சின்ன கேட், பூட்டியிருந்தது. கார் போலீஸ் வசம் இருந்ததால் ஷெட் காலி. ஆனால் துப்புரவாகப் பெருக்கிய சிமெண்ட் தரையில் நான்கு எலுமிச்சம்பழங்கள் மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தன.

"இதை மட்டும் ஏம்மா பெருக்கலை?" என்று பெருக்குகிற ஜெயம்மாளைக் கேட்டார் ஜெகதீசன்.

"நல்லா சொன்னீங்க! திருஷ்டிப் பழத்த நான் தொடுவனா? வெள்ளிக்கு வெள்ளி பச்சமுத்தண்ணன் வண்டியக் கழுவி, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னாடி பழம் வெச்சிட்டுப் போவாரு. மொதலாளி வந்ததும் மேல ஏத்தி எடுப்பாரு. அப்புறம் அவரே மொறத்துல வாரிக்கினு போயி முச்சந்தில போடுவாரு. இப்ப அவரு இல்ல. யாரு தொடுவாங்க? நாலு நாளா சுத்திச் சுத்தித்தான் பெருக்கிக்கினு இருக்கேன்."

ஜெகதீசன் குனிந்தார். முன் பக்கத்து இரண்டு பழமும் முழுசாக இருந்தன. பின் பக்கத்து இரண்டும் நசுங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன.

"காயத்ரி, நாலு சக்கரத்துக்கும் முன்னால பழம். வண்டி முன்னால போனா என்ன ஆகும்?"

"நாலும் ஊறுகா சார்."

"இங்க?"

காயத்ரி பார்த்தாள். "முன் சக்கரம் மட்டும் பழத்துக்குப் பயந்து எகிறிக் குதிச்சிருக்கும்போல."

"வண்டி முன்னால போகவே இல்லை. பின்னால போயிருக்கு. ரிவர்ஸ்ல எடுத்தா முன் சக்கரம் தன் பழத்தை விட்டு விலகிடும், அதனால அது ரெண்டும் முழுசு. பின் சக்கரமும் தன் பழத்தை விட்டு விலகிடும். ஆனா அந்தப் பழம் எங்க இருக்கு? முன் சக்கரம் பின்னால வர்ற பாதையில. அது வந்து நசுக்கிட்டுப் போயிருக்கு." அவர் நிமிர்ந்தார். "ஏம்மா, பச்சைமுத்து பூசை போட்ட வண்டியைப் பின்னால எடுப்பாரா?"

"ஐயய்யோ! அபசகுனம்ங்க. பழத்த நசுக்காம அவரு ரிவர்ஸ் கியரத் தொடவே மாட்டாரு, சின்ன மொதலாளிக்குக் கியரு போடக் கத்துக்குடுத்தப்பவும் அப்பிடித்தான்."

"நல்லது. இந்தக் கம்பெனியில உண்மை பேசறது இந்த நாலு பழமும் நீயும்தான்."

ஜெயம்மாளுக்கு இது பாராட்டா என்று புரியவில்லை.

"அப்ப முடிஞ்சுது சார்" என்றாள் காயத்ரி. "சின்ன மொதலாளி பின் கேட்டு வழியா நைசா எடுத்திருக்கான். பாண்டில ப்ரெண்டாம், பேரு சொல்ல மாட்டானாம். ஜல்தியா ஸ்டேஷனுக்குப் போலாமா?"

"வண்டி யாருது?"

"அவனுதுதான்."

"தன் வண்டியை எடுக்க எவனாவது கொல்லைப்புறமாப் போவானா? அவன் எடுத்தா வாட்ச்மேன் சல்யூட் அடிச்சு முன் கேட்டைத் திறப்பான். வாட்ச்மேன் கண்ணுல படக்கூடாதுன்னு நினைச்சவன் வண்டிக்குப் பாத்தியதை இல்லாதவன். அந்தப் பையன் முட்டாள். முட்டாளா இருக்கிறது மோட்டார் வாகனச் சட்டத்துல குற்றமில்லை." அவர் பையைத் தூக்கிக்கொண்டார். "வா, திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கணும். ஒரு கல்யாணம் பாக்கணும்."

*

பஸ்ஸில் காயத்ரி விடவில்லை. விக்கிரவாண்டி தாண்டியும் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"சக்கரபாணியோட மஞ்சப் பையில என்ன அச்சடிச்சிருந்தது?"

அச்சில் எது இருந்தாலும் படித்துவிடுகிற வியாதி காயத்ரிக்கு உண்டு. சுண்டல் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "'வெங்கடேஸ்வரா துணை. சங்கவி, சின்னதுரை திருமண விழா. ஸ்ரீ வள்ளி மஹால், திண்டிவனம்.' கீழ தேதி..." கண்ணைத் திறந்தாள். "சார்! வெள்ளிக்கிழமை!"

"தாம்பூலப் பை. தேங்காயைத் தின்னுட்டுப் பையை மடிச்சு வெச்சு, அதுல கேரியரைப் போட்டு எடுத்துட்டு வந்திருக்கான். நாள் பூரா நாற்காலியிலே இருந்தவனுக்குத் திண்டிவனத்துத் தேங்காய் எப்படிக் கிடைச்சுது?"

"யாராச்சும் வாங்கியாந்து குடுத்திருக்கலாமே?"

"அப்படித்தான் சொல்லுவான். அதனாலதான் உன்னை பஸ்ல ஏத்தினேன்."

மண்டபத்து வாட்ச்மேன் வீடியோ எடுத்த கடையைக் காட்டினான். கடைக்காரர் வெற்றிவேல், கல்யாண கேசட்டில் மணமகன் தலையைத் தாமரைக்குள்ளிருந்து மலர வைத்துக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் கிடக்கிறாள் என்று ஜெகதீசன் சொன்னதும், தாமரையை நிறுத்திவிட்டு மண்டப வாசல் காட்சியைப் போட்டார்.

திரையில் வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. ஓரத்தில் நேரம் 10.41. இடது ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய சாமந்தி மாலை தொங்கியது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, பட்டு வேட்டியும் தோளில் சரிகைத் துண்டுமாக இறங்கினார் சக்கரபாணி. வாசலில் நின்ற பெண் வீட்டாரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வண்டிக்குள் ஏறினார். மறுபடியும் இறங்கினார்.

"இன்னாங்க இது?" என்றாள் காயத்ரி.

"அத ஏன் கேக்கறீங்க, பேஜாருங்க" என்றார் வெற்றிவேல். "பொண்ணுக்கு மாமா அவரு. சொந்தக் காருன்னாரு. மொத தபா துண்டு சரியா விழலியாம். ரெண்டாவது தபா நம்பர் பிளேட்டு தெரியலியாம். மூணு தபா எறங்கினாரு. அந்த மாலைய மட்டும் கலைக்கக் கூடாதுன்னு கண்டிஷனு."

பத்தேகாலுக்கு ஒரு பெண்ணின் இடுப்பை முறித்தவன், அரை மணி நேரத்துக்குள் துண்டு சரியாக விழவேண்டும் என்பதற்காக மூன்று முறை இறங்கியிருக்கிறான். ஜெகதீசன் கேசட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்க் கடையிலிருந்து திண்டிவனம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார்.

*

சாயங்காலம் நாலரை மணிக்குப் பிரேம்குமாரின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். பச்சைமுத்துவைச் சின்னக்கண்ணு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, நரைத்த மீசை. அந்த அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர், சுவர் ஓரமாக நின்றார். சக்கரபாணி கதவோரம் நின்றார். கையில் மஞ்சள் பை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரம்.

"பச்சைமுத்து, வண்டியை ஓட்டினது யாரு?" என்றார் ஜெகதீசன்.

"நான்தாங்க."

"சரி. வெள்ளிக்கிழமை காலையில பழம் வெச்சதுக்கு அப்புறம் உன்னை யாராவது வெளிய அனுப்பினாங்களா?"

பச்சைமுத்து தரையைப் பார்த்தார். "காணைக்கு அனுப்பினாரு மேனேஜரு. வேங்கடேசன்னு ஒருத்தரு மல்லாட்ட சாம்பிளு கொண்டாருவாரு, கடல நல்லாருக்கான்னு பாக்கணும், புளியமரத்தாண்ட நில்லுன்னாரு. பன்னண்டு மணி வரைக்கும் நின்னேன். யாரும் வரல."

"அடப்பாவி மனுசா!" என்றாள் சின்னக்கண்ணு. "அப்ப எப்பிடிய்யா நீ ஓட்டினே?"

"திரும்பி வந்ததும் மேனேஜர் என்ன சொன்னார்?" என்றார் ஜெகதீசன்.

பச்சைமுத்து தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொல்லட்டுமா? இத்தனை வருஷமா வண்டி ஓட்டறவன், ஒரு மேனேஜருக்காக ஜெயிலுக்குப் போகமாட்டான். நீ கியர் போடக் கத்துக்குடுத்து வளர்த்த பிள்ளைக்காகத்தான் போவே. 'சின்ன முதலாளி இடிச்சுட்டார், குடும்ப மானம் உன் கையில இருக்கு, அவர்கிட்ட மட்டும் இதைப் பத்தி மூச்சு விடாதே, அவமானத்துல செத்துடுவார்.' இதுதானே சொன்னது?"

பச்சைமுத்துவின் கண் தானாகப் பிரேம்குமார் பக்கம் போனது. அது போதுமானதாக இருந்தது.

பிரேம்குமார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "நானா? நான் வண்டியத் தொடவே இல்லையே! எனக்காகவா? யோவ் சக்கரபாணி, அவரு குடிச்சிட்டு இடிச்சாருன்னு நீதானேய்யா எங்கிட்ட சொன்னே?"

முதலாளியிடம் டிரைவர் இடித்ததாக ஒரு பொய், டிரைவரிடம் முதலாளி இடித்ததாக ஒரு பொய். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் சக்கரபாணி நாலு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்பதுதான் ஜெகதீசனுக்கு அருவருப்பாக இருந்தது.

காயத்ரி அறை மூலையில் இருந்த டி.வி. டெக்கில் கேசட்டைப் போட்டாள். சக்கரபாணி இறங்கினார். மறுபடி ஏறி இறங்கினார். மூன்றாம் தடவை இறங்கும்போது நிஜமான சக்கரபாணி கதவைத் திறந்துகொண்டு நழுவப் பார்த்தார். வெளியே இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"மச்சினன் பொண்ணு கல்யாணம் சார்..." சக்கரபாணியின் திருமண் வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்தது. "பஸ்ல போனா மதிக்க மாட்டாங்க சார். பதினாலு வருஷமா எளக்காரமாப் பேசிக்கினு இருக்காங்க. ஒரே ஒரு நாளுதான் எடுத்தேன். அந்தப் பொம்பள குறுக்க வந்துட்டா. நின்னா முகூர்த்தம் போயிடும்..."

"முகூர்த்தம் போகலை. நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டீங்க" என்றார் ஜெகதீசன். "கேசட்டை உங்க மச்சினனுக்கும் ஒரு காப்பி அனுப்பச் சொல்றேன். இனிமே எளக்காரமாப் பேச மாட்டாங்க. பேசவே மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பிரேம்குமார் மேஜையைச் சுற்றிவந்து, பச்சைமுத்துவின் முன்னால் நின்றான். அவர் கையை நிஜமான பாசத்தோடு பிடித்துக்கொண்டான்.

"எனக்காக ஜெயிலுக்கே போகத் துணிஞ்சிட்டீங்களே அண்ணே. நான் மறக்கவே மாட்டேன். நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. சம்பளம் ஏத்தித் தரேன்."

பச்சைமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிரேம்குமார் தாங்கிக்கொண்டிருப்பான்.

"நீங்கதான் இடிச்சீங்கன்னு அந்தாளு சொன்னப்ப நான் நம்பினது தப்புதாங்க. ஆனா வயசுப் புள்ள, பயந்து போயிருக்கும்னு மனசு ஒத்துக்கிச்சு. நான் இடிச்சேன்னு அந்தாளு சொன்னப்ப உங்களுக்கு எப்பிடிங்க மனசு ஒத்துக்கிச்சு? பத்து வருசம் என் பின்னாடி உக்காந்து வந்தீங்க. ஒரு ஆள இடிச்சிட்டு நிக்காம போறவனா நானு?"



பச்சைமுத்து சட்டைப் பையிலிருந்து காரின் மாற்றுச் சாவியை எடுத்து மேஜையின் கண்ணாடிமேல் வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "பாண்டிக்கு அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருக்கு. ஏறினா அந்த மீன்காரம்மாவப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். "நாலு நாளா யாரும் போய்ப் பாக்கல."